மூன்றாம் நாள் ஊசியை யார் எடுப்பது?

கேள்வி: என் கணவருக்கு 49 வயது. லாரி ஓட்டுகிறார். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 12 தடவை கீமோ ஏற்றவேண்டும், மார்பில் போர்ட் வைத்துவிடலாம் என்கிறார் மதுரை டாக்டர். எங்கள் ஊரிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். கையிலேயே ஏற்றினால் ஆகாதா? போர்ட்டோடு குளிக்கலாமா, வேலைக்குப் போகலாமா? ஊசியை எங்கள் ஊர் நர்ஸ் எடுக்கலாமா?
- வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: நீங்கள் சொல்லும் கணக்கைப் பார்த்தால் அநேகமாக ஃபால்ஃபாக்ஸ் முறைச் சிகிச்சை. அதில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து சுமார் இரண்டு மணி நேரம் ஏறும். கை வழியாகப் போனால் ரத்தக்குழாய் நெடுக எரிச்சலும் வலியும் இருக்கும். அடுத்து ஃபுளோரோயுரசில் என்ற மருந்து, 46 மணி நேரம் மெதுவாக ஏறவேண்டும். இடுப்புப் பையில் ஒரு சிறு பம்ப்பை வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கையில் வென்ஃப்ளானோடு, அதாவது குளுக்கோஸ் ஏற்றக் குத்திவைக்கும் சிறு குழாயோடு, இரண்டு இரவு தூங்கி எழுந்தால் அது மடங்கும், விலகும், மருந்து வெளியே கசியும். இதை 12 தடவை கை தாங்காது. போர்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்புத் தோலுக்கடியில் பத்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு குப்பி, மேலே சிலிக்கான் மூடி, அதிலிருந்து கழுத்து ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் வாசல்வரை போகும் மெல்லிய குழாய். போர்ட் அவ்வளவுதான். மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பொருத்திவிடுவார்கள். தையல் ஆறியபின், அதாவது பத்துப் பதினைந்து நாளில், தாராளமாகக் குளிக்கலாம். ஊசி மாட்டியிருக்கும் நாட்களில் மட்டும் அந்த இடம் நனையக்கூடாது.

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. போர்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் அதைக் கையாளும் விதத்தால்தான். அந்த மூடியில் ஹூபர் ஊசி மட்டுமே இறங்கவேண்டும். அதன் நுனி வளைந்திருப்பதால் சிலிக்கானைப் பிளந்துகொண்டு போகும், வெட்டி எடுக்காது. சாதாரண ஊசி துளித் துளியாகச் சிலிக்கானை வெட்டிவிடும். பிறகு மூடி ஒழுகும். ஊரில் ஹூபர் கிடைக்காது என்பதால் யாரையும் குத்த விடாதீர்கள்.

குத்துவது மதுரையில், மூன்றாம் நாள் பம்ப் காலியானதும் ஊசியை எடுப்பது மட்டும் ஊரில் என்றால், நர்ஸை ஒருமுறை மருத்துவமனைக்கே அழைத்துப்போய்ப் பழக்கிவிடுங்கள். கையுறை போட்டு, 10 மில்லி சலைனைத் தள்ளி நிறுத்தி, தள்ளி நிறுத்திச் செலுத்தவேண்டும். ஒரே மூச்சில் தள்ளினால் குழாய்ச் சுவர் சரியாகக் கழுவப்படாது. சிரிஞ்சும் 10 மில்லி சிரிஞ்சாகவே இருக்கட்டும். சிறிய சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், அடைப்பு இருந்தால் குழாயே வெடிக்கலாம். பிறகு ரத்தம் உறையாமல் தடுக்க மருத்துவமனை சொல்லும் ஹெப்பாரின் மருந்து, வழக்கமாக மில்லிக்கு 100 யூனிட் வீதம் 5 மில்லி. கடைசி அரை மில்லியைத் தள்ளும்போதே ஊசியோடு வரும் குழாயின் கிளாம்பை (கிளிப்பை)ப் பூட்டினால் ரத்தம் பின்வாங்கி உறையாது. போர்ட்டை இரு விரலால் அழுத்திப் பிடித்து, ஊசியை நேராக இழுக்கவேண்டும்.

ஹெப்பாரின் பாட்டிலின் லேபிளை நீங்களும் படியுங்கள். மருந்துக்கடையில் மில்லிக்கு 5,000 யூனிட் உள்ளதும் கிடைக்கும். கலக்காமல் அதையே 5 மில்லி ஏற்றினால் 25,000 யூனிட் உடம்புக்குள் போய்விடும், ரத்தக்கசிவு வரும்.

ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும் சிரிஞ்சை இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள், இருமச் சொல்வார்கள். அப்படியும் வராவிட்டால் "சலைன் போகுதே, மருந்தை ஏத்திடலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். குழாய் நுனியில் சவ்வு படர்ந்திருந்தாலும், குழாய் விலகியிருந்தாலும், சலைன் போகும். மருந்து தோலுக்கடியில் கசியக்கூடும். முதலில் எக்ஸ்ரே பார்க்கட்டும். உறைந்த ரத்தம்தான் காரணம் என்றால் அதைக் கரைக்க மருந்து இருக்கிறது.

போர்ட்டில் ஊசி போட்டோ கழுவியோ ஓரிரு மணி நேரத்தில் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் போர்ட்டில் கிருமி சேர்ந்திருக்கலாம். 100.4 டிகிரியைத் தொட்டால், ராத்திரியானாலும் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். போர்ட் உள்ள பக்கம் கை, கழுத்து வீங்கினாலும் அன்றே காட்டுங்கள்.

சிகிச்சை முடிந்தும் போர்ட் இருந்தால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கழுவவேண்டும். சில மருத்துவமனைகளில் மூன்று மாத இடைவெளி விடுகிறார்கள். போர்ட்டோடு தரும் அட்டையைப் போனில் படம் பிடித்து வையுங்கள். சி.டி. ஸ்கேனுக்கு வேகமாகச் சாயம் செலுத்த எல்லாப் போர்ட்டும் தாங்காது, அட்டையைப் பார்த்தால்தான் தெரியும்.

வேலை விஷயம். பொதுவாக வலப்பக்கம் வைப்பார்கள், அங்கிருந்து குழாய் நேராக இறங்கும் என்பதால். நம் வண்டிகளில் ஓட்டுநரின் சீட் பெல்ட்டும் வலத்தோள் மேல்தான் வருகிறது. லாரி ஓட்டுகிறார் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொன்னால் இடத்தைச் சற்று மாற்றியமைக்க முடியுமா என்று பார்ப்பார். பம்ப் மாட்டியிருக்கும் இரண்டு நாளும் வண்டி வேண்டாம். விரல் மரத்துப்போவது போர்ட்டால் அல்ல, ஆக்ஸாலிபிளாட்டினால். அது தொடங்கினால் டாக்டரைக் கேட்காமல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.