பாப்-அப் பெட்டியின் நிறத்தை மாற்ற 'பேக்கேஜ்' வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் மருந்துக் கடைக்கு ஒரு ஃப்ரீலான்ஸர் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் தனித்தனியாக ஆப் செய்து கொடுத்திருக்கிறார். ஆண்ட்ராய்டில் 'ஆர்டரை நீக்கவா?' என்று கேட்கும் பெட்டி கடையின் பச்சை நிறத்தில் வருகிறது. 'வெளியேறவா?' என்று கேட்கும் பெட்டி மட்டும் ஊதா நிறப் பட்டன்களோடு வருகிறது. ஐபோனில் எதுவுமே மாறவில்லை. கேமராவுக்கும் நோட்டிஃபிகேஷனுக்கும் அனுமதி கேட்கும் பெட்டிகளும் எங்கள் நிறத்தில், லோகோவோடு இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். எல்லாவற்றையும் மாற்றித் தரும் பேக்கேஜ் இருப்பதாக ஒருவர் விலை சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் கேட்டிருப்பவற்றில் ஒரு பகுதி, உங்கள் டெவலப்பர் கூடுதல் கட்டணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டிய குறை. இன்னொரு பகுதி, எவ்வளவு பணம் கொடுத்தாலும் எவராலும் செய்ய முடியாதது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி விலை சொல்பவர், தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா என்பது ஒன்றுதான் சந்தேகம்.

முதலில் அந்த ஊதா நிறத்தைப் பார்ப்போம். ஆண்ட்ராய்டில் இத்தகைய பெட்டியை உருவாக்க ஒரு வழி அல்ல, குறைந்தது மூன்று வழிகள் இருக்கின்றன: தொடக்க காலத்திலிருந்து சிஸ்டத்தோடு வரும் அலர்ட்டயலாக், பின்னால் ஆப்காம்பாட் என்ற லைப்ரரியில் (அதாவது, ஆயத்தக் கோடுகளின் தொகுப்பில்) அதே பெயரில் வந்த இன்னொரு அலர்ட்டயலாக், அதற்கும் பின்னால் கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்புக்கான லைப்ரரியில் வந்த, பெட்டியைக் கட்டித் தரும் பில்டர். இவை மூன்றும் தமக்குரிய நிறத்தை, ஆப்பின் தோற்றத்தைக் குறித்துவைக்கும் தீம் கோப்பில் மூன்று வெவ்வேறு பெயர்களின் கீழ் தேடுகின்றன. உங்கள் டெவலப்பர் நீக்கும் பெட்டியை ஒரு வழியிலும் வெளியேறும் பெட்டியை இன்னொரு வழியிலும் எழுதிவிட்டு, பச்சை நிறத்தை ஒரு பெயரின் கீழ் மட்டும் குறித்திருப்பார். மற்றது தன் பெயரில் எதுவும் கிடைக்காமல், மெட்டீரியல் தீமில் இயல்பாக அமைந்துள்ள ஊதாவையே எடுத்துக்கொண்டிருக்கும். ஒரே வேலைக்கு ஒரே பெயரில் இரண்டு பொருள்களை வைத்து, மூன்றாவதையும் சேர்த்துக் குழப்பியது ஏன் என்பது கூகுளுக்கே வெளிச்சம். உங்கள் டெவலப்பரிடம், 'எல்லாப் பெட்டிகளையும் மெட்டீரியல் பில்டருக்கு மாற்றி, நிறத்தையும் மூலை வளைவையும் தீமில் ஓரிடத்தில் மட்டும் குறியுங்கள்' என்று சொன்னால் போதும். இதற்குத் தனியாக எந்தப் பேக்கேஜும் வேண்டியதில்லை, ஆப்பின் அளவும் அதிகரிக்காது.

மூலை வளைவைப் பற்றி ஒரு சொல். மெட்டீரியல் 3 வடிவமைப்பில் பெட்டியின் மூலைகள் இயல்பாகவே 28 டிபி (ஆண்ட்ராய்டு திரையில் அளவைக் குறிக்கும் அலகு) அளவுக்கு வளைந்திருக்கும்; முந்தைய பதிப்பில் அது 4 டிபிதான். பழைய முறையில் எழுதியவர்கள் உள்ளே இருக்கும் அட்டையை மட்டும் வளைத்துவிட்டு, அதைத் தாங்கும் சதுர விண்டோவின் பின்னணியை அப்படியே விட்டுவிடுவார்கள். பெட்டியின் நான்கு மூலைகளிலும் வெள்ளையாகச் சிறு முக்கோணங்கள் துருத்திக்கொண்டிருந்தால் காரணம் அதுதான். விண்டோவின் பின்னணியைக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டால் அவை மறைந்துவிடும்.

ஐபோனில் நிலைமை வேறு. 2014இல் ஐஓஎஸ் 8 வந்ததிலிருந்து அங்கே இந்தப் பெட்டியைத் தருவது யுஐஅலர்ட்கன்ட்ரோலர் என்ற பகுதி. இதை உள்ளபடியே பயன்படுத்த வேண்டும், இதன் உள்ளடுக்குகள் தனிப்பட்டவை, அவற்றை மாற்றக் கூடாது என்று ஆப்பிள் தன் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. தலைப்பு, செய்தி, பட்டன்கள், அவற்றில் எது ஆபத்தான செயல் என்று காட்டும் சிவப்பு ஆகியவற்றோடு உங்கள் சுதந்திரம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பேக்கேஜ் விற்பவர்கள் அந்த உள்ளடுக்குகளுக்குள் நுழைந்து, எழுத்தைத் தாங்கும் பகுதியைத் தேடிப் பிடித்து நிறம் பூசுகிறார்கள். அடுத்த ஐஓஎஸ் பதிப்பில் அந்த அடுக்கு இடம் மாறினால் பூச்சு காணாமல் போகும், அல்லது ஆப் நின்றுபோகும். 2025இல் ஐஓஎஸ் 26 வந்து தோற்றம் முழுவதையும் லிக்விட் கிளாஸ் என்ற கண்ணாடி போன்ற வடிவமைப்புக்கு மாற்றியதை நினைத்துப் பாருங்கள். தவிர, ஆவணப்படுத்தப்படாத உட்பகுதிகளைத் தொடும் ஆப்பை, வெளிப்படையான ஏபிஐகளை (ஆப்கள் பயன்படுத்த ஆப்பிள் திறந்து வைத்திருக்கும் வழிகளை) மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற 2.5.1ஆம் விதியைக் காட்டி ஆப் ஸ்டோர் திருப்பி அனுப்பலாம். அப்போது வரும் பதிலில் கோடின் எந்த வரி தவறு என்பது தெளிவாக இல்லாமலும் போகலாம். அதை வைத்துக்கொண்டு மன்றாடப்போவது நீங்கள், பேக்கேஜ் விற்றவர் அல்ல.

பச்சைப் பெட்டி அவசியம் என்றால், சிஸ்டத்தின் பெட்டியை விட்டுவிட்டு, உங்கள் ஆப்புக்குள் சொந்தமாக ஒரு சிறு திரையை வரைந்து மேலே காட்டலாம். அது முறையானதே. ஆனால் நீக்குதல், வெளியேறுதல் போன்றவற்றுக்கு ஐபோன்காரர்கள் பார்த்துப் பழகிய பெட்டியையே விட்டுவையுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

இனி அனுமதிப் பெட்டிகள். இவற்றைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். 'இந்த ஆப் கேமராவைப் பயன்படுத்த அனுமதிக்கலாமா?' என்று கேட்பது உங்கள் ஆப் அல்ல, ஃபோன். வாடிக்கையாளரை உங்களிடமிருந்தும் காப்பாற்றத்தான் அந்தப் பெட்டி இருக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தின் முத்திரையை நம் கடை நிறத்து மையில் குத்தித் தரச் சொல்ல முடியாதல்லவா? ஆண்ட்ராய்டில் அதன் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஐபோனில் கேமராவுக்கு ஒரு காரண வாக்கியத்தை மட்டும் நீங்கள் எழுதலாம். எழுதாமல் விட்டால், கேமராவைத் தொட்ட கணமே ஆப் மூடிக்கொள்ளும். 'சிறந்த அனுபவத்திற்காக' என்று ஒப்புக்கு எழுதாமல், 'மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்புவதற்காக' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். நோட்டிஃபிகேஷனுக்கு அந்த ஒரு வாக்கியத்துக்கும் இடமில்லை.

உங்கள் நிறமும் லோகோவும் வரக்கூடிய இடம், அந்தப் பெட்டிக்கு முன்னால் நீங்கள் காட்டும் விளக்கத் திரை. வாடிக்கையாளர் 'சீட்டைப் படம் எடு' என்பதை அழுத்தியதும், எதற்காகக் கேமரா தேவை என்று உங்கள் பச்சை நிறத் திரையில் இரண்டு வரிகளில் சொல்லி, 'தொடர்க' என்ற பட்டனை வையுங்கள். அதன்பின் ஃபோனின் பெட்டி வரட்டும். அந்தப் பட்டனில் 'அனுமதி' என்று எழுதக் கூடாது, திரையும் ஃபோனின் பெட்டியைப்போல் தோன்றக் கூடாது. ஆப்பிள் இதில் கறாராக இருக்கிறது. ஆப் திறந்த உடனேயே எல்லா அனுமதிகளையும் வரிசையாகக் கேட்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஐபோன் ஓர் அனுமதியை ஒரு முறைதான் கேட்கும். ஆண்ட்ராய்டு 11 முதல், இரண்டு முறை மறுத்தால் மறுபடி கேட்காது. பிறகு வாடிக்கையாளரே செட்டிங்ஸுக்குள் போய்த் தேடினால்தான் உண்டு.

சில பேக்கேஜ்கள் அனுமதிப் பெட்டியின் நகலையே உங்கள் நிறத்தில் வரைந்து, 'பாருங்கள், மாற்றிவிட்டோம்' என்று காட்டும். அதை அழுத்தினால் எந்த அனுமதியும் கிடைக்காது. உண்மையான பெட்டி அதற்குப் பிறகுதான் வரும். இன்னும் சில, 'பிற ஆப்களின் மேல் காட்டுதல்' என்ற அனுமதியைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளும். உங்கள் ஆப்புக்குள் ஒரு பெட்டியைக் காட்ட எந்த அனுமதியும் தேவையில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்; நிறம் மாற்றும் பேக்கேஜ் அனுமதி கேட்டால், அது நிறம் மாற்றுவதற்காக வந்தது அல்ல. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் லைப்ரரியின் பெயரை மாற்றி விற்பவர்களும் உண்டு. சோர்ஸ் கோடையும் (எழுதிய மூல நிரலையும்) அதைப் பயன்படுத்துவதற்கான உரிமத்தையும் கேளுங்கள். தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இந்தப் பேக்கேஜ்களின் மாதிரிப் படங்களில் 'வாங்கு' பட்டன் பளிச்சென்றும் 'வேண்டாம்' என்பது கண்ணுக்குத் தெரியாத வெளிர் சாம்பலிலும் இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கின்றன. வாடிக்கையாளரை ஒரு பக்கமாகத் தள்ளுவதற்காகத் திரையின் தோற்றத்தைத் திரிப்பதும், மறுப்பவரைக் கூசச் செய்யும் வாசகம் எழுதுவதும் அதில் அடக்கம்.

ஆப்புக்கான பணத்தில் ஏதும் பாக்கி இருந்தால், டெவலப்பர் வேலையை முடித்ததாகச் சொன்னதும் அதைக் கொடுத்துவிடாதீர்கள். ஃபோனை டார்க் மோடுக்கு மாற்றி ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பாருங்கள். பின்னணியை வெள்ளை என்று நேரடியாக எழுதி, எழுத்தின் நிறத்தைத் தீமிடம் விட்டிருந்தால், வெள்ளையின் மேல் வெள்ளையாகக் கேள்வியே காணாமல் போயிருக்கும். அடுத்து எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். ஆண்ட்ராய்டு 14இலிருந்து அதை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம், மருந்துக் கடைக்கு வரும் வயதானவர்களில் பலர் பெரிதாக்கியே வைத்திருப்பார்கள். பெட்டியின் உயரத்தை ஒரே அளவாகக் கட்டிப் போட்டிருந்தால், நீளமான தமிழ் வாசகத்தில் கீழே உள்ள பட்டன் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும். அதையும் சரிசெய்த பிறகு மீதித் தொகையைக் கொடுங்கள்.