தந்தையின் கடன், மகளின் திருமணம்

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில், பிராட்ஃபோர்டில் வேலை பார்க்கிறேன். என்னுடன் பணிபுரியும் அம்மையாரின் தந்தை 1961இல் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மீர்பூரிலிருந்து வந்து கம்பளி ஆலையில் இரவு ஷிப்டில் உழைத்தவர். தாய் ஆங்கிலேயர். தந்தை மகளைப் பள்ளிவாசல் வகுப்புக்கு அனுப்பி உருது படிக்கவைத்தார். ஊரிலிருந்து பெரியப்பாவின் கடிதம் மாதம் தவறாமல் வருமாம். 1982இல், பதினேழு வயதில், அப்படி வந்த நீல நிற ஏரோகிராம் ஒன்றைப் படித்தபோதுதான் பெரியப்பா மகனுக்குத் தன்னைப் பேசி முடித்துவிட்டார்கள் என்பதே அவருக்குத் தெரிந்தது. தாய் கொடுத்த பணத்துடன் லீட்ஸுக்குப் போய்விட்டார். தந்தை சாகும்வரை பேசவில்லை. தான் மட்டும் விரும்பியவரை மணந்துகொண்டு மகளுக்கு இப்படிச் செய்தது வேஷமில்லையா? எல்லாம் அந்த மதத்தின் பிடிவாதம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேஷம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த மனிதர் பட்ட கடன் அப்படி.

மீர்பூரில் பல வீடுகளில் ஒரு மகன் நிலத்தைப் பார்த்துக்கொள்வான், இன்னொருவன் இங்கிலாந்து போய்ச் சம்பாதிப்பான். போகிறவனுக்கு டிக்கெட் பணத்தைப் பெரும்பாலும் சொந்தபந்தம்தான் திரட்டிக் கொடுக்கும். பிராதரி என்று அவர்கள் சொல்லும் பங்காளிக் கூட்டம் அது. ஜீலம் ஆற்றில் 1967இல் கட்டி முடித்த மங்களா அணை பழைய மீர்பூரை மூழ்கடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். ஊரில் இருந்த அண்ணனுக்கு நிலமும் போயிருக்கலாம்.

சில வருடங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் அவர்கள் கிளம்பினார்கள். 1962 ஜூலையில், பிரிட்டனுக்குள் வருவதைக் கட்டுப்படுத்தும் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. போனால் மறுபடி உள்ளே விடுவார்களா என்ற பயத்தில் பலர் அங்கேயே தங்கினார்கள். 1973இல் இன்னும் கடுமையான சட்டம் அமலான பிறகு, அண்ணன் மகனை அழைத்துக்கொள்ளத் திருமணத்தைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. இதில் பிரிட்டிஷ் அரசின் பங்கையும் மறக்காதீர்கள்.

பிராதரிக்கு வெளியே, மதத்துக்கும் வெளியே பெண்ணெடுத்தவரை அண்ணன் தள்ளிவைக்கவில்லை. தள்ளிவைத்திருந்தால் மகள் தப்பித்திருப்பாள் என்றே நினைக்கிறேன். மாதாமாதம் வந்த கடிதம்தான் அவரை அழுத்தியிருக்கும். ஊருக்குத் தான் செய்த துரோகமாக அவர் எண்ணியதற்கு ஈடாகக் கொடுக்க அவரிடம் இருந்தது பிள்ளைகள் மட்டுமே. விலகாதவர்களைவிட, விலகிப்போய்க் குற்றவுணர்வில் தவிப்பவர்களே மரபை அதிகக் கடுமையாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அது அவர் பட்ட கடன். பதினேழு வயதுப் பெண்ணின் வாழ்க்கையை எடுத்து அதை அடைக்க அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. அவர் வலியைப் புரிந்துகொள்கிறேன் என்பதற்காக இதில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கமாட்டேன். மதத்தின் மேலும் பழி போடாதீர்கள். நிக்காஹுக்கு மணமகளின் சம்மதம் வேண்டும் என்பதே மார்க்கம். இங்கிலாந்தில் கட்டாயத் திருமணத்தைத் தடுக்க நீதிமன்ற ஆணை பெறும் சட்டம் 2007இல் வந்தது. 2014இல் கட்டாயத் திருமணம் குற்றமாகவே ஆக்கப்பட்டது. 1982இல் அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அம்மாவின் கைப்பணம்தான் இருந்தது.

அந்த அம்மா உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகிறார். எனக்கு அதுதான் பெரிய குறை. 1968இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஈனோக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியபோது லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவரை ஆதரித்து ஊர்வலம் போனார்கள். அந்தக் காலத்தில் பாகிஸ்தானியக் கணவருடன் கடைத்தெருவில் நடந்தவர் அந்த அம்மா. தன் மக்களிடம் கெட்ட பெயர், கணவரின் பிராதரியில் இடமில்லை. மகளை அனுப்பிவிட்டு அதே கணவருடன் அதே வீட்டில் தொடர்ந்து வாழ்ந்தாரா? பணம் கொடுத்தது கணவருக்குத் தெரியவந்ததா? மகள் லீட்ஸில் இருப்பதை எத்தனை காலம் மறைத்தார்?

தந்தையை மன்னித்துவிடுங்கள் என்று உங்கள் தோழியிடம் சொல்லவேண்டாம். அதைச் சொல்லும் இடத்தில் நீங்களும் இல்லை, நானும் இல்லை. அம்மாவைப் பற்றிக் கேளுங்கள். தோழி சம்மதித்தால் எனக்கும் எழுதுங்கள்.