மயக்க மருந்து தெளியும்போது சிலர் ஏன் முரண்டு பிடிக்கிறார்கள்?

மூக்கு ஆபரேஷன் முடிந்து கண் விழித்த பாம்பன் மீனவர் ஒருவர், நர்சைத் தள்ளிவிட்டு டியூபைப் பிடுங்கப் பார்த்தாராம். ஏன் என்று அவர் தம்பி கேட்டிருக்கிறார்.

முழு மயக்கம் தெளியும் நேரத்தில் வரும் குழப்பமும் கொந்தளிப்பும்தான் இது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். மூளை ஒரே நொடியில் முழுசாக விழிப்பதில்லை. கை கால் அசைவும் வலியும் பயமும் முதலில் திரும்பிவிடும். எங்கே இருக்கிறோம், எதிரில் நிற்பது யார் என்ற தெளிவு பின்னால்தான் வரும். வள்ளத்தில் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது, சுக்கான் பிடிப்பவர் இன்னும் எழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வள்ளம் எந்தப் பக்கமும் பாயும்.

மூக்கில் அடைத்த பஞ்சு, சிறுநீர்க் குழாய், வலி இதெல்லாம் தூண்டிவிடும். பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளிடம், 2 முதல் 5 வயதில், இது அதிகம். செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்த பிறகு இன்னும் அதிகம். பிள்ளை அழுவது வலியாலா குழப்பத்தாலா என்று பிரித்தறிவது நிஜமாகவே கஷ்டம். அதற்காகவே 2004இல் ஒரு மதிப்பெண் முறை வந்தது. பிள்ளை முகம் பார்க்கிறதா, சுற்றியிருப்பதை உணர்கிறதா என்று கவனித்து மதிப்பெண் போடுவார்கள்.

புரோபோஃபோல், டெக்ஸ்மெடிடோமிடின் போன்ற மருந்துகள் இதைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் ஒருமுறை இப்படி நடந்திருந்தால், அடுத்த ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், 'மனசுக்குள் இருந்த கோபம் வெளியே வந்துவிட்டது' என்று வீட்டில் பேசிக்கொள்வது தவறு. அப்போது செய்தது பலருக்கு நினைவில்கூட இருக்காது.