பதில்: எஞ்சின் அறைக்கு மேல் கேபின், ராத்திரி முழுக்கப் புழுக்கம்

வணக்கம் அண்ணே. படகை நங்கூரம் போட்டு எஞ்சினை அணைத்த பிறகும், எஞ்சின் அறைக்கு மேலே இருக்கும் கேபின் விடியும்வரை அனலாகக் கொதிக்கிறது, இரண்டு ஃபேன் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது ஃபேன் வாங்காதீர்கள். முதலில் அடியிலிருந்து ஏறும் சூட்டைத் தடுங்கள்.

எஞ்சின் நின்றாலும் அந்த இரும்பு மணிக்கணக்கில் சூட்டைக் கக்கும். எஞ்சின் அறைச் சூட்டுக் காற்றை வெளியே தள்ளும் ப்ளோவரை இன்னும் அரை மணி நேரம் ஓட விடுங்கள். அது தள்ளும் காற்று கேபின் சன்னல் பக்கம் திரும்பக் கூடாது. புகைக்குழாயில் கண்ணாடி இழை நாடாவைப் பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றுங்கள். டீசல் ஊறிய சுற்று தீப்பிடிக்கும், உடனே மாற்றுங்கள். தரையில் வயர் நுழையும் ஓட்டைகளை அடைப்பது கட்டாயம். சூடு மட்டுமல்ல, எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் அந்த வழியாகத்தான் வரும். வாசனையே தெரியாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

காற்றுக்கு இரண்டு வாய் வேண்டும். நங்கூரத்தில் படகு பெரும்பாலும் காற்றுக்கு அணியத்தை, அதாவது முன்முனையை, காட்டி நிற்கும். ஆகவே முன்சன்னலும், பின்பக்கம் கூரையை ஒட்டி ஒரு திறப்பும். சும்மா மிதக்கும்போது படகு பக்கவாட்டில் திரும்பிவிடும், அப்போது பக்கச் சன்னல்தான் உதவும்.

12 வோல்ட், 15 வாட் ஃபேன் இரண்டு எட்டு மணி நேரத்தில் 20 ஆம்பியர்-மணி இழுக்கும். ஸ்டார்ட்டர் பேட்டரியில் கை வைக்காதீர்கள், தனி பேட்டரி போடுங்கள். மெத்தைக்கு அடியில் பலகைக்குப் பதில் இடைவெளி விட்டு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்தால் முதுகு வேர்ப்பதும் குறையும்.