ஏற்றமும் எரிபொருளும்: மலைநாட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வேலைக்குப் போய்வரும் வண்டி அளவுக்கு மீறிப் பெற்றோல் குடிக்கிறதா, தாங்கியில் இருப்பது வீடு வந்து சேரப் போதுமா என்ற கவலைதான் அண்மையில் வந்த கடிதங்கள் பலவற்றில் இருந்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் வாங்கிய நாள்களை நம்மில் எவரும் மறந்துவிடவில்லை. அப்போது பலருக்கும் வந்த கணக்குப் பார்க்கும் பழக்கம் நல்ல பழக்கம் என்பதால், இம்முறை எரிபொருள் பற்றிய கேள்விகளை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு நாள்தோறும் சென்று வரும் ஆசிரியர் நான். என் 125 சிசி வண்டி லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடும் என்றார்கள். போகும்போது 37தான் கிடைக்கிறது. வண்டியில் பழுதா?

பதில்: பழுது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விற்கும்போது சொல்லப்படும் எண், ஆய்வுகூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, முன்கூட்டியே வகுத்த வேகங்களில் ஓட்டிப் பெறப்படுவது. அங்கே ஏற்றமும் இல்லை, நானுஓயாவின் பனிமூட்டமும் இல்லை. தலவாக்கலை ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. வண்டி, நீங்கள், பை எல்லாம் சேர்ந்து 210 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை 670 மீற்றர் மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 1.4 மெகாயூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 32 மெகாயூல் சக்தி இருந்தாலும், அதில் சில்லுக்கு வந்து சேர்வது நாலிலோ ஐந்திலோ ஒரு பங்குதான். மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே உயரம் ஏறுவதற்கென்றே 200 மில்லிலீற்றர் செலவாகிறது. சமதரையில் 50 ஓடும் வண்டிக்கு 30 கிலோமீற்றருக்கு 600 மில்லிலீற்றர் போதும். அது 800 ஆகும்போது கணக்கு 37க்கு இறங்கிவிடும்.

அந்த 200 மில்லிலீற்றரும் இறக்கத்தில் முழுவதுமாகத் திரும்பக் கிடைக்காது, ஏனெனில் வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து அதையும் வெப்பமாக்கிவிடுகிறோம். போகவரச் சேர்த்துப் பார்த்து 45 முதல் 48 வரை கிடைத்தால் உங்கள் வண்டி நன்றாகவே இருக்கிறது. ஒரே ஷெட்டில், வண்டியை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, தாங்கி வாயின் அடிவிளிம்பு வரை நிரப்புங்கள். அடுத்த முறையும் அதே அடையாளம் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுங்கள். நாலைந்து முறைகளின் சராசரியே உண்மையான எண். சைட் ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் நிரப்பினால் கணக்குப் பிசகும்.

கேள்வி: கினிகத்தேனை இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, அல்லது நியூட்ரலில் விட்டு வந்தால் பெற்றோல் மிச்சம் என்கிறார்கள் நண்பர்கள். சரியா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். கியரில் இருக்கும் எஞ்சின் வண்டியைப் பின்னே இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடி இல்லாமற்போனால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. தொடர்ந்து சூடேறிய டிரம் பிரேக், மிகவும் தேவையான வளைவிலேயே பிடி தளர்ந்துவிடும். மிச்சம் என்ற கணக்கும் தவறானது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் (கணினி அளந்து பெற்றோலைத் தெளிப்பது) கியரில் இருந்தபடி ஆக்ஸிலேற்றரை முழுவதும் விட்டுவிட்டால் பெற்றோல் தெளிப்பதையே அது நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருக்கத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சின் உறிஞ்சும் காற்றோடு பெற்றோல் கலந்து போகும் கார்பரேற்றர் வண்டியைக் கியரில் வைத்துச் சாவியை மட்டும் அணைத்தால், எஞ்சின் பெற்றோலை உறிஞ்சி, எரிக்காமலே சைலன்சருக்குள் தள்ளுகிறது. மீண்டும் சாவியைத் திருப்பும்போது கேட்கும் வெடிச்சத்தம் அந்தப் பெற்றோலினுடையதுதான். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ, கிட்டத்தட்ட அதே கியரில் இறங்குங்கள்.

கேள்வி: 95 ஒக்டேன் அடித்தால் கூடுதலாக ஓடுமா?

பதில்: ஓடாது. ஒக்டேன் என்பது பெற்றோலின் சக்தியை அல்ல, அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் இயல்பைக் குறிப்பது. 100 முதல் 150 சிசி வரையான சாதாரண வண்டிகளுக்கு 92 போதும்; காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் அந்தத் தேவை இன்னும் குறைகிறது. மிஞ்சும் பணத்தில் எயார் ஃபில்டரை மாற்றுங்கள்.

கேள்வி: பண்டாரவளையிலிருந்து பதுளை வைத்தியசாலைக்கு டியோ ஸ்கூட்டரில் செல்லும் தாதி நான். எத்தனை நாளுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும்? பெற்றோல் அளவைக் காட்டும் ஊசியை நம்பலாமா?

பதில்: உங்கள் தாங்கி 5.3 லீற்றர் கொள்ளும். அதில் 1 லீற்றரை இல்லாததாகவே நினைத்துக்கொள்ளுங்கள். மீதி 4.3 லீற்றரை ஏற்றத்தில் கிடைக்கும் எண்ணால் பெருக்குங்கள். அது 35 என்றால் 150 கிலோமீற்றர். நாளுக்கு 60 கிலோமீற்றர் போகவர ஓடினால் இரண்டு நாள். உங்களுக்குக் காலையில் இறக்கம், களைத்துத் திரும்பும் மாலையில் ஏற்றம் என்பதால், இரண்டாம் நாள் மாலை பதுளையிலேயே நிரப்பிவிட்டு ஏறுவது நல்லது. ஊசி, தாங்கிக்குள் மிதக்கும் ஒரு மிதவையைப் பார்த்து அசைவது. வண்டி சரிவில் இருக்கும்போது அது காட்டுவதை நம்ப வேண்டாம். சமதரையில் நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: கொழும்பில் வாங்கிய பழைய பிளாட்டினா, நுவரெலியாவுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இழுவை குறைந்து, பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கிறது.

பதில்: நுவரெலியாவின் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜெக்‌ஷன் வண்டி அதை உணர்ந்து பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். கார்பரேற்றரோ கொழும்புக் காற்றுக்கு அளந்த பெற்றோலையே இங்கும் கொடுக்கிறது. பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். வெளிர்பழுப்பாக இருந்தால் நல்லது. அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்து உலர்ந்திருந்தால் பெற்றோல் மிகை. முதலில், குளிரில் ஸ்டார்ட் செய்யக் கலவையில் பெற்றோலைக் கூட்டும் சோக் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள், ஏனெனில் குளிர்காலையில் இழுத்த சோக்கை மறந்து ஓட்டுவோர் இங்கு ஏராளம். அதன் பிறகே தேர்ந்த ஒரு மெக்கானிக்கிடம் சிறிய மெயின் ஜெட் (கார்பரேற்றரில் பெற்றோலை அளந்துவிடும் துளை) பற்றிக் கேளுங்கள். அடிக்கடி கொழும்புக்கு இறங்குபவராக இருந்தால் ஜெட்டை மாற்ற வேண்டாம். அங்கே கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும்.

கேள்வி: ரிசேர்வுக்கு மாற்றிய பிறகு எவ்வளவு தூரத்தை நம்பலாம்? (புஸ்ஸல்லாவை)

பதில்: கைநூலில் உள்ள ரிசேர்வ் அளவில், அதாவது தாங்கியின் அடியில் கடைசியாக எஞ்சும் பெற்றோலில், பாதியை மட்டும் நம்புங்கள். இதை நான் அனுபவத்தில் கற்றேன். ஒருநாள் இரவு, இறம்பொடை வளைவுகளில், மழையில் என் வண்டி நின்றுவிட்டது. ரிசேர்வுக்கு மாற்றி 20 கிலோமீற்றர்கூட ஓடியிருக்கவில்லை. வண்டியை ஆட்டிப் பார்த்தபோது உள்ளே பெற்றோல் தளும்பும் சத்தம் தெளிவாகக் கேட்டது. தாங்கி, சட்டகக் குழாயின் இருபுறமும் சேணம்போல் தொங்குகிறது; பெற்றோல் குழாயோ இடதுபுறத்தில் மட்டும் இருக்கிறது. குறைந்த பெற்றோலில் ஒரு பங்கு வலதுபுறத்தில் தேங்கி, நடுவிலுள்ள மேட்டைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. தாங்கி மூடியை இறுக்கிவிட்டு, வண்டியை இடதுபக்கமாக நன்றாகச் சாய்த்து நிமிர்த்தினேன். நாலைந்து உதையில் எஞ்சின் பிடித்தது. அந்தப் பெற்றோலிலேயே அடுத்த ஷெட் வரை வந்தேன். குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை இன்றே உங்கள் வண்டியில் பார்த்துவையுங்கள்.

கேள்வி: பெற்றோல் பாதித் தாங்கி இருந்தும் 15 கிலோமீற்றரில் வண்டி நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. (மஸ்கெலியா)

பதில்: அடுத்த முறை நின்றவுடன் தாங்கி மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. பெற்றோல் குறையக் குறைய அதன் இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பெற்றோல் கீழே இறங்காது. மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்யுங்கள். அதே மூடியைச் சுற்றி மழைநீர் வடியும் துளையும் ஒன்று உண்டு. தூசியால் அது அடைபட்டால் நீர் தேங்கித் தாங்கிக்குள் இறங்கும் என்பதால், அதையும் சேர்த்தே துப்புரவாக்கிவிடுங்கள்.