வட்டு உங்களுடையதுதான், பூட்டு?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் நான், திரைப்படங்களின் ஒளிப்பதிவை அலசும் சிறு காணொளிகளை எந்த வருமானமும் பெறாமல் வெளியிட்டு வருகிறேன். காசு கொடுத்து வாங்கிய ப்ளூ-ரே வட்டிலிருந்து 20 விநாடிகள் மட்டும் எடுத்தால் அது, உரிமையாளரின் அனுமதியின்றியே சட்டம் இடம்தரும் நியாயப் பயன்பாடுதான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியா?

பதில்: பாதிதான் சரி. விநாடிக் கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. பயன்பாட்டின் நோக்கம், மூலப் படைப்பின் தன்மை, எடுத்த அளவு, மூலப் படைப்பின் சந்தைக்கு நேரும் பாதிப்பு ஆகிய நான்கையும் சேர்த்தே அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு எடைபோடுகிறது. விமர்சனம் என்ற உங்கள் நோக்கம் அதில் உங்களுக்குச் சாதகமானது.

நண்பர்கள் மறந்தது, நகலெடுக்க விடாமல் தடுக்க வட்டில் வைத்துள்ள மறையாக்கப் பூட்டை. 1998-ஆம் ஆண்டின் டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம் அந்தப் பூட்டை உடைப்பதையே தனியொரு சட்டமீறலாக்கியதால், எடுத்த காட்சி நியாயப் பயன்பாடாகவே இருந்தாலும், எடுத்த விதத்துக்காக நீங்கள் சிக்கிக்கொள்ளலாம். இதற்குத்தான் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவரான காங்கிரஸ் நூலகர் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை விலக்குகளை அறிவிக்கிறார். 2010-இல் டிவிடிக்குக் கிடைத்த விலக்கு 2015-இல் ப்ளூ-ரேக்கும் நீண்டது, 2024-இலும் புதுப்பிக்கப்பட்டது. விமர்சனத்துக்காகவோ கருத்துரைக்காகவோ சிறு பகுதிகளை எடுத்து, வணிக நோக்கமற்ற காணொளியில் சேர்ப்பவர்களுக்கு அது பொருந்தும்.

ஆனால் பூட்டை உடைக்காமல் வேலை நடக்காது என்று நம்புவதற்கு உங்களிடம் தக்க காரணம் இருக்க வேண்டும். பூட்டை உடைக்காமல், திரையில் ஓடுவதைப் பதிவுசெய்யும் மென்பொருளில் பிடித்த இருட்டுக் காட்சியைப் பாருங்கள்: நிழலின் படிநிலைகள் கலைந்து கட்டம் கட்டமாகத் தெரியும். சன்னலோரம் நிற்கும் முகத்தில் பாதி மட்டும் ஒளி விழுவதைப் பற்றிப் பேசும் உங்களுக்கு அந்தப் படம் உதவாது. வசனத்தை மட்டும் ஆராய்பவர் இதே காரணத்தைச் சொல்வது கடினம். இந்த வேறுபாட்டைக் காட்டும் ஒப்பீட்டுப் படங்களைச் சான்றாகப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஒவ்வொரு முறையும் முன்வந்து கேட்டால்தான் விலக்கு நீடிக்கும் என்ற இந்த ஏற்பாடு, விமர்சகர்கள் மீது சுமத்தப்பட்ட நியாயமற்ற பாரம் என்றே நான் கருதுகிறேன். காட்சியை எடுப்பதற்கு மட்டுமே விலக்கு உண்டு. பூட்டுடைக்கும் மென்பொருளைப் பிறருக்கு வழங்க அது இடம் தரவில்லை.

காணொளியை நீக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் அஞ்சி ஒதுங்க வேண்டாம். உண்மையாகவே நியாயப் பயன்பாடு என்று நம்பினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 512-ஆம் பிரிவின்படி தளத்துக்கு எதிர் அறிவிப்பு அனுப்பலாம். உரிமையாளர் வழக்குத் தொடுக்காவிட்டால், 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் காணொளியைத் தளம் திரும்ப ஏற்ற வேண்டும். எதிர் அறிவிப்பில் பெயரும் முகவரியும் தந்து, பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு உறுதிமொழி அளிக்க வேண்டியிருப்பதால், அனுப்பும் முன் பதிப்புரிமை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.