சீன உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பாலியல் நலம் பற்றி எந்த அளவு தெரியும்? அதைக் குறித்த அவர்களுடைய மனப்பான்மை என்ன?

மனப்பான்மை வேகமாக மாறிவிட்டது. அறிவு அதனோடு சேர்ந்து வளரவில்லை. சீனாவில் மருத்துவம் படித்த ஆண்டுகளில் உடன் படித்த சீன மாணவர்களிடம் இதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறேன். அவர்கள் சொன்னவற்றையும் அந்நாட்டு ஆய்வுகள் காட்டுவதையும் சேர்த்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

பீக்கிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல், 15 முதல் 24 வயது வரையுள்ள மணமாகாத இளையோரிடம் நாடு தழுவிய ஆய்வொன்றை நடத்தினார்கள். அவர்களில் 22.4 விழுக்காட்டினர் உடலுறவு கொண்டிருந்தார்கள். அப்படிக் கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதல் முறை எந்தக் கருத்தடையும் பயன்படுத்தவில்லை. இனப்பெருக்க நலம் குறித்துப் போதிய அறிவு உடையவர்கள் 4.4 விழுக்காட்டினர் மட்டுமே. கல்லூரி மாணவர்களும் வேலைக்குச் செல்வோரும் அந்த ஆய்வில் இருந்தார்கள் என்பதால், அந்த எண்களை அப்படியே பள்ளி மாணவர்கள்மேல் ஏற்றக்கூடாது. ஆனாலும் பள்ளியை முடித்து வெளியே வருபவர் எவ்வளவு தெரிந்துகொண்டு வருகிறார் என்பதை அவை காட்டிவிடுகின்றன.

பாடநூலில் இல்லாத குறை அல்ல இது. ஏழாம் வகுப்பு உயிரியல் நூலிலேயே மனித இனப்பெருக்கம் பற்றிய பாடம் உண்டு. அதை 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி ஆசிரியர் கடந்துபோனதாகத்தான் என் வகுப்புத் தோழர்களில் பெரும்பாலோர் நினைவுகூர்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் காவ்காவ் என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எல்லா நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது. அதில் மதிப்பெண் தராத எதற்கும் கால அட்டவணையில் இடம் கிடைப்பதில்லை.

இதைவிட ஆழமான தடை ஒன்று இருக்கிறது. பள்ளிப் பருவக் காதலைப் பல பள்ளிகள் ஒழுக்கக் கேடாகவே நடத்தி வந்துள்ளன. பெற்றோரை வரவழைப்பார்கள், தண்டனையும் உண்டு. அத்தகைய இடத்தில் ஆணுறையைப் பற்றியோ மாதவிடாய் தள்ளிப்போனதைப் பற்றியோ ஒரு மாணவி கேட்டால், அந்தக் கேள்வியே குற்ற ஒப்புதல் போல ஆகிவிடுகிறது. எனவே அவள் ஆசிரியரிடம் கேட்பதில்லை, கைப்பேசியிடம் கேட்கிறாள். அங்கே நல்ல மருத்துவர்களின் விளக்கங்களும் கிடைக்கின்றன, வலியில்லாக் கருக்கலைப்பு என்று ஆள்பிடிக்கும் தனியார் மருத்துவமனை விளம்பரங்களும் கிடைக்கின்றன. எது எதுவென்று பிரித்தறியும் பயிற்சியைத்தான் பள்ளி தந்திருக்க வேண்டும்.

பெற்றோரின் தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. பெய்ஜிங் நார்மல் பல்கலைக்கழகப் பேராசிரியர் லியு வென்லியின் குழு தொடக்கப் பள்ளிகளுக்காக உருவாக்கிய பாலியல் கல்வி நூல்கள் உடலுறுப்புகளை ஒளிவுமறைவின்றி விளக்கின. 2017இல் ஹாங்சோ நகரில் ஒரு தாய் அவற்றின் பக்கங்களை வெய்போ என்னும் சீனச் சமூக ஊடகத்தில் இட்டுக் கண்டிக்க, பள்ளி அந்த நூல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே வேளையில் அந்த நூல்களை ஆதரித்து எழுதியவர்களும் ஏராளம் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

இந்த மௌனத்தால் மிகுதியாகப் பாதிக்கப்படுபவர்கள் ஆண்களை விரும்பும் ஆண் மாணவர்கள். சீனாவில் மாணவர்களிடையே கண்டறியப்படும் எச்.ஐ.வி. தொற்றுகளில் பெரும்பாலானவை ஆண்களுக்கிடையேயான உறவின் வழியே பரவுபவை. அந்த உறவைப் பற்றி வகுப்பில் ஒரு சொல்லும் கேளாத இளைஞன், கல்லூரி விடுதிக்கு வந்த முதல் ஆண்டிலேயே அந்த ஆபத்தைத் தனியாக எதிர்கொள்கிறான்.

2020இல் திருத்தப்பட்டு 2021 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த சிறார் பாதுகாப்புச் சட்டம், வயதுக்கேற்ற பாலியல் கல்வியைப் பள்ளிகளின் கடமையாக்கியிருக்கிறது. பாலியல் வன்கொடுமைத் தடுப்பை ஒட்டியே அந்தப் பிரிவு அமைந்திருப்பதால், 'யாரையும் தொட விடாதே' என்ற எச்சரிக்கையோடு பள்ளிகள் நிறுத்திக்கொள்ள இடம் இருக்கிறது. பதினாறு வயதினருக்கு அது போதாது. கருத்தடை, தொற்றுப் பரிசோதனை, இணையின் சம்மதம் ஆகியவற்றைத் தயங்காமல் பேசப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரேனும் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் இருக்க வேண்டும். அவரிடம் கேள்வி கேட்ட மாணவரின் பெயர் வகுப்பாசிரியருக்கோ பெற்றோருக்கோ போகாது என்ற உறுதியும் வேண்டும்.